கண் அசைவால் இயங்கும் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையும் காலும் பேச்சும் ஒத்துழைக்காமல், கண் மட்டும் சொன்னபடி கேட்கிறவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்தப் பக்கம். சென்னையில் வீட்டிலும் வார்டிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. ‘எந்தக் கருவி வாங்கலாம்’ என்பது நடுவில்தான் வரும். அதற்கு முன்னால் உள்ளவற்றைப் படிக்காமல் தாண்டிப் போனால் பணம் வீணாக வாய்ப்பு அதிகம்.

கண்ணால் கணினி இயங்குவது எப்படி?

திரையின் அடிவிளிம்பில் ஒட்டியிருக்கும் சிறு பட்டைதான் கருவி. அதற்குள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகளும் கேமராவும் இருக்கும். அந்த ஒளி விழியின் முன்பக்கத்தில் பட்டு ஒரு புள்ளியாக மின்னும். பார்வை திரும்பும்போது கண்மணி நகரும், மின்னும் புள்ளி அவ்வளவாக நகராது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் திசையையும் நொடிக்குப் பல தடவை அளந்து, திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறார் என்று கருவி கணக்குப் போடுகிறது.

கணக்கு எவ்வளவு சரியாக வந்தாலும் அரை பாகை முதல் ஒரு பாகை வரை பிசகும். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் ஒரு பாகை என்பது திரையில் ஏறக்குறைய 1 செ.மீ. அதனால்தான் விண்டோஸ் சன்னலின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைக் கண்ணால் அழுத்துவது பெரும்பாடு. பொத்தான்கள் பெரிதாக இருக்கும் மென்பொருள் தேவைப்படுவதும் இதனால்தான்.

யாருக்குப் பொருந்தும்?

தசையை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் மோட்டார் நியூரான் நோய் (ஏஎல்எஸ் அதில் ஒரு வகை) வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கடைசி வரை கண் அசைவு தங்கும். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்கள், தசைச் சிதைவு நோய் உள்ளவர்கள், கில்லன் பாரே நோயால் தற்காலிகமாகச் செயலிழந்து வென்டிலேட்டரில் இருப்பவர்கள், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள், ரெட் சிண்ட்ரோம் என்ற மரபணுக் குறைபாடு உள்ள சிறுமிகள் ஆகியோருக்கும் பயன்படும்.

கண் தானாக ஆடிக்கொண்டே இருக்கும் நிஸ்டாக்மஸ் இருந்தால் கடினம். மாறுகண் இருந்தால் ஒரு கண்ணை மட்டும் பின்தொடரும்படி அமைக்கலாம். அமைப்புகளில் இடது, வலது, இரண்டும் என்று தேர்வு இருக்கும். மூளைத் தண்டில் பக்கவாதம் வந்து, கண்ணை மேலும் கீழும் மட்டுமே அசைக்க முடிகிறவர்களுக்குத் திரை முழுவதையும் மேயும் கருவி சரிப்படாது. அவர்களுக்கான வழி கீழே தனியாக வருகிறது.

தலை சொன்னபடி நன்றாக அசைகிறது, ஒரு விரலாவது உறுதியாக அசைகிறது என்றால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். தலை அசைவைச் சாதாரண வெப்கேமே பின்தொடரும். ஒரே ஒரு சுவிட்சை விரலால் தட்டிப் பழகியவருக்குக் கண்ணால் எழுதுவதைவிட அசதி குறைவு.

ஸ்டீபன் ஹாக்கிங் கண்ணால்தானே பேசினார்?

இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கன்னத் தசையின் சிறு துடிப்பை மூக்குக்கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி கவனித்துச் சுவிட்சைப் போல வேலை செய்தது. அவருக்காக இன்டெல் உருவாக்கிய ஏகேட் என்ற மென்பொருள் 2015 முதல் இலவசமாகவே கிடைக்கிறது.

கருவி வாங்கும் முன் வீட்டில் எதைச் சோதிப்பது?

மூன்றைப் பாருங்கள். மூன்றுக்கும் காசு செலவில்லை.

முதலில் ஆம், இல்லை. ‘ஆமாம்னா மேலே பாருங்க, இல்லைன்னா கண்ணை இறுக்கி மூடுங்க’ என்று ஒரு வழக்கத்தை வீட்டார் எல்லாரும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். பகல் அட்டெண்டருக்கு ஒரு குறி, இரவில் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு வேறு குறி என்று இருந்தால் அவர் ஓய்ந்துபோவார். கண்சிமிட்டலை ‘ஆம்’ என்று வைக்காதீர்கள். தன்னிச்சையான சிமிட்டலும் சேர்ந்து குழப்பும். வழக்கத்தைத் தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, பார்வை நிற்கிறதா. இரண்டு புகைப்படங்களை அவர் முகத்திலிருந்து இரண்டடி தள்ளி, நடுவில் ஓரடி இடைவெளி விட்டுப் பிடியுங்கள். ஒன்றின் பெயரைச் சொன்னதும் கண் அங்கே போய் ஒரு நொடியாவது தங்குகிறதா? பத்து தடவையில் எட்டு சரியாக வந்தால் நல்ல அறிகுறி. இரண்டு படங்களையும் இடம் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். ஒரே பக்கம் பார்க்கும் பழக்கம் இருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

மூன்றாவது, எத்தனை நிமிடம் தாங்குகிறார். பத்து நிமிடத்தில் கண்ணில் நீர் வந்து இமை சொருகினால் மணிக்கணக்கில் எழுதும் கனவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

மின்சாரமே தேவைப்படாத கண் பலகை செய்வது எப்படி?

கருவி வாங்குகிறீர்களோ இல்லையோ, இதைக் கட்டாயம் செய்துவையுங்கள். ஐசியூவிலும் ஆம்புலன்ஸிலும் கரண்ட் போன நேரத்திலும் இதுதான் கைகொடுக்கும்.

பெயர்ப்பலகை செய்யும் கடையில் 3 மி.மீ. கனமுள்ள, நிறமற்ற அக்ரிலிக் தகட்டை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். நடுவில் 12 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்துக்கு ஒரு சன்னல். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மூலைகளை மழுக்கச் சொல்ல மறக்காதீர்கள். எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். அவசரமென்றால் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஓஹெச்பி தாளே போதும், ஆனால் அது வளையும், டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளக்கும்.

பலகையை மேலே மூன்று, கீழே மூன்று என ஆறு கட்டங்களாகப் பாவியுங்கள். தமிழுக்கு இதில் ஒரு வசதி உண்டு: உயிர் 12, மெய் 18, கூட்டினால் 30. கட்டத்துக்கு ஆறு எழுத்தாக ஐந்து கட்டங்களில் அச்சடித்தாற்போல உட்கார்ந்துவிடும். ஆறாவது கட்டம் மற்றவற்றுக்கு.

மேல் இடது: அ ஆ இ, அதன் கீழே ஈ உ ஊ.
மேல் நடு: எ ஏ ஐ, கீழே ஒ ஓ ஔ.
மேல் வலது: க ங ச, கீழே ஞ ட ண.
கீழ் இடது: த ந ப, கீழே ம ய ர.
கீழ் நடு: ல வ ழ, கீழே ள ற ன.
கீழ் வலது: ஃ ஜ ஸ, கீழே ஹ, ‘அழி’, ‘முடிந்தது’.

எழுத்து ஒவ்வொன்றும் 2.5 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். பள்ளியில் ஒப்பித்த அதே வரிசை என்பதால் அவர் எழுத்தைத் தேட வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் இருக்கும் என்பது மனதிலேயே இருக்கும். வேகமாக எழுதலாம் என்று அடிக்கடி வரும் எழுத்துகளை முன்னால் கொண்டுவந்து வரிசையை மாற்றும் யோசனை சிலருக்கு வரும். வேண்டாம். தேடும் நேரத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

எழுத்துகள் அவர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். எதிரே இருப்பவருக்கு அவை கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியும் என்பதால், பின்பக்கத்தில் அதே எழுத்துக்கு நேர் பின்னே இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இதைத் தவறவிட்டுத்தான் பலர் ‘இடதா வலதா’ என்று குழம்புகிறார்கள்.

பலகையில் ஒரு சொல்லை எழுதிக் காட்டுங்களேன்.

‘வலி’ என்று சொல்ல வேண்டும். நீங்கள் பலகையை அவர் கண் உயரத்தில், முகத்திலிருந்து 45 முதல் 50 செ.மீ. தள்ளிப் பிடித்து, நடுச் சன்னல் வழியே அவர் கண்ணைப் பார்க்கிறீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் இரண்டு தடவை பார்ப்பார். முதல் பார்வை எந்தக் கட்டம் என்பதற்கு. இரண்டாவது, அந்தக் கட்டத்துக்குள் எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ, முழுப் பலகையில் அதே இடத்துக்கு. ஒவ்வொரு பார்வைக்கும் பிறகு கண் சன்னலுக்குத் திரும்ப வேண்டும்.

வ: கீழ் நடு, பிறகு மேல் நடு.
ல: கீழ் நடு, பிறகு மேல் இடது.
இ: மேல் இடது, பிறகு மேல் வலது.

ஆறு பார்வையில் சொல் முடிந்தது. ஒவ்வொரு எழுத்தையும் நீங்கள் வாய்விட்டுச் சொல்லி, அவர் ‘ஆம்’ என்ற பிறகே அடுத்ததுக்குப் போங்கள். மெய் தனியாக வந்தால் அகரம் சேர்த்துப் படியுங்கள், பின்னால் உயிர் வந்தால் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதலாவதற்குப் புள்ளி. த, ண, ண, இ என்றால் தண்ணி. பேசுகிற மாதிரியே எழுதட்டும், ‘தண்ணீர்’ என்று எழுத வைத்து இலக்கணம் பார்க்காதீர்கள்.

ஊகிப்பது தப்பில்லை. ‘தலக’ என்றதுமே ‘தலகாணியா?’ என்று கேளுங்கள். ஆனால் பாதி எழுத்திலேயே மூன்று நான்கு ஊகங்களை வரிசையாக வீசினால் அவருக்கு எரிச்சல்தான் வரும். ஒன்று கேட்டு, இல்லை என்றால் விட்டுவிட்டு எழுத்துக்குத் திரும்புங்கள்.

கண்ணை மேலே தூக்க மட்டும்தான் முடிகிறது. அப்போது?

பலகையே வேண்டாம், வாயால் கேட்டால் போதும். ‘உயிரா? வல்லினமா? மெல்லினமா? இடையினமா?’ என்று நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். வேண்டிய இடத்தில் அவர் மேலே பார்ப்பார். வல்லினம் என்றால் க, ச, ட, த, ப, ற என்று சொல்லிக்கொண்டே போங்கள். உயிர் என்றால் முதலில் ‘குறிலா, நெடிலா’. எந்த எழுத்துக்கும் அதிகபட்சம் பத்துப் பன்னிரண்டு உச்சரிப்புக்குள் போய்விடலாம். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு முழு நொடி விடுங்கள். அவசரப்பட்டால் அவர் ‘த’வுக்குப் பார்த்ததை நீங்கள் ‘ப’ என்று எழுதிக்கொள்வீர்கள்.

சரி, எந்தக் கருவி?

கையில் ஐபோன் 12-ஓ அதற்குப் பிந்தையதோ இருந்தால் செலவில்லாமல் தொடங்கலாம். 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், அமைப்புகளில் அக்சசிபிலிட்டிக்குள் ஐ டிராக்கிங் இருக்கிறது. புதிய ஐபேடுகளிலும் உண்டு. முன் கேமராவை மட்டும் நம்பி இயங்குவதால் துல்லியம் குறைவு, ஆனாலும் பழகிப் பார்க்க அருமையானது. போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில், முகத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடி தள்ளி நிறுத்த வேண்டும். திரை பெரிது என்பதால் போனைவிட ஐபேடு மேல்.

ஆண்ட்ராய்டில் கூகுளின் லுக் டு ஸ்பீக் என்ற இலவச செயலி இருக்கிறது. இடம், வலம், மேல் என்று மூன்று திசைப் பார்வையை மட்டும் கவனிக்கும். முன்பே எழுதிவைத்த வாக்கியங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேச வைக்கும். கடிதம் எழுத உதவாது, ‘திரும்பிப் படுக்க வை’ என்று சொல்ல உதவும்.

அடுத்த படி, விண்டோஸ் மடிக்கணினியோடு யூஎஸ்பி-யில் சேரும் கண் பட்டை. இதில் இரண்டு ரகம். கேம் விளையாடுகிறவர்களுக்கான டோபி ஐ டிராக்கர் 5 போன்றவை பல்லாயிரங்களில் முடிந்துவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே செய்த கருவிகள் லட்சக் கணக்கில் போகும். விலை வித்தியாசம் வெறும் பெயருக்கானது அல்ல. தலை ஆடும்போது, இமை பாதி மூடியிருக்கும்போது, படுத்தபடி பயன்படுத்தும்போது விலை கூடிய ரகம் கண்ணை விடாமல் பிடிக்கும். மென்பொருளும் பழுது உதவியும் சேர்ந்தே வரும். தலை நேராக நிற்கும் ஏஎல்எஸ் நோயாளிக்குக் கேம் ரகமும் ஆப்டிகீ என்ற இலவச விசைப்பலகையும் பெரும்பாலும் போதும். உடல் தானாக முறுக்கிக்கொள்ளும் மூளை முடக்குவாதக் குழந்தைக்குப் போதாது.

எதை வாங்கினாலும், நீங்கள் பயன்படுத்தப் போகும் மென்பொருளின் பட்டியலில் அந்த மாடல் எண் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டோபியின் பழைய 4சி மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை. ‘செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கிறது’ என்று யாராவது சொன்னால் உங்கள் கணினியிலேயே செருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

திரையை எங்கே, எப்படி வைப்பது?

‘கருவி வேலை செய்யவில்லை’ என்ற புகாரில் பெரும்பங்கு இங்கேதான் கிடக்கிறது.

தூரம் 60 செ.மீ., அதாவது இரண்டடி. டேப்பை எடுத்துக் கண்ணிலிருந்து கருவி வரை அளங்கள், கண்மதிப்பு வேண்டாம். திரை அவர் முகத்துக்கு இணையாக இருக்க வேண்டும், தரைக்குச் செங்குத்தாக அல்ல. உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். கட்டிலில் 30 பாகை சாய்ந்திருப்பவருக்கு அப்படி இல்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துவிட்டால் அவர் கண்ணைத் தாழ்த்திப் பார்க்க வேண்டிவரும், மேல் இமை இறங்கிக் கண்மணியைப் பாதி மூடும், கருவிக்குக் கண் கிடைக்காது. சாய்ந்திருப்பவருக்குத் திரையின் மேல் விளிம்பு அவர் பக்கம் கவிழ்ந்தாற்போல் வர வேண்டும். அதற்குக் கட்டிலடியில் நுழையும் கால் வைத்த, கை நீண்ட ஸ்டாண்ட் தேவை. கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஸ்டாண்டுக்கும் பங்கு வையுங்கள். ஆட்டம் காணும் ஸ்டாண்டில் வைத்த விலையுயர்ந்த கருவியைவிட, அசையாத ஸ்டாண்டில் வைத்த மலிவுக் கருவி நன்றாக ஓடும்.

திரை 15 முதல் 24 அங்குலம் போதும். டிவியில் இணைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

சன்னலுக்கு எதிரே அவரை உட்கார வைக்காதீர்கள். சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது. காலை வெயில் நேராக முகத்தில் அடித்தால் கருவிக்குத் தன் விளக்கு எது, வெயில் எது என்று தெரியாது. திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அப்போதே தீரும். கொசுவலைக்கு உள்ளே இருந்துகொண்டு வெளியே உள்ள கருவியை இயக்க முடியாது. மின்விசிறிக் காற்று நேராகக் கண்ணில் அடித்தால் விழி உலர்ந்து, திரையில் பார்வையைக் காட்டும் குறி (கர்சர்) ஆடும். விசிறியை நிறுத்த வேண்டாம், கட்டிலைச் சற்று நகர்த்துங்கள்.

காலிப்ரேஷன் என்றால் என்ன? தினமும் செய்ய வேண்டுமா?

திரையில் புள்ளி ஒவ்வோர் இடமாகத் தோன்றும், அவர் அதைப் பார்க்க வேண்டும். அதை வைத்துக் கருவி அவருடைய கண்ணைத் தெரிந்துகொள்ளும். வழக்கமாக 5 அல்லது 9 புள்ளி. சோர்ந்திருப்பவருக்கும் குழந்தைக்கும் 2 புள்ளியில் தொடங்கலாம், புள்ளிக்குப் பதில் அசையும் படம் வைக்கும் வசதியும் சில மென்பொருளில் உண்டு. ‘புள்ளி அடுத்து எங்கே வரும்’ என்று முந்திக்கொண்டு பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வந்த பிறகு பார்த்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்தில் நின்று ‘அங்கே பாருங்க, அங்கே பாருங்க’ என்று பேசாதீர்கள், கண் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

நன்றாக அமைந்த ஒன்றைச் சேமித்துவிட்டால் தினமும் வேண்டியதில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்று, கழற்றிவிட்டு ஒன்று, உட்கார்ந்து ஒன்று, படுத்து ஒன்று எனத் தனித்தனியாகச் சேமியுங்கள்.

பார்ப்பதையெல்லாம் அழுத்திவிடுகிறதே?

பஸ்மாசுரன் கை வைத்த தலையெல்லாம் சாம்பலாகும் என்பதுபோல, கண் பட்ட இடமெல்லாம் அழுத்தப்படும். இதைத் தடுக்கத்தான் டுவெல் நேரம்: ஒரு பொத்தானின் மேல் கண் குறிப்பிட்ட நேரம் தங்கினால்தான் அது அழுந்தும். புதியவருக்கு 1.2 முதல் 1.5 நொடி வையுங்கள். வாரத்துக்கு 0.1 நொடி குறைத்துக்கொண்டே வாருங்கள். பிழை கூடத் தொடங்கியதும் ஒரு படி ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள். தேர்ந்தவர்கள் 0.5 நொடிக்கு வருவார்கள். அதற்கும் கீழே போனால், சும்மா படிக்கும்போதே எழுத்து விழும்.

டுவெல் நேரத்தைப் போலவே முக்கியமானது, ‘ஓய்வு’ என்ற பொத்தான். யோசிக்கவும், திரையை வெறுமனே பார்க்கவும், அழவும்கூட ஓர் இடம் வேண்டும். எல்லாப் பக்கத்திலும் ஒரே மூலையில் அதை வையுங்கள்.

குறி தப்பான இடத்தில் நிற்கிறது. என்ன காரணம்?

எப்படித் தப்புகிறது என்று பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே திசையில் விலகினால் அவரோ திரையோ நகர்ந்திருக்கிறது, அல்லது கண்ணாடி மூக்கில் இறங்கியிருக்கிறது. திரையின் கீழ்வரிசையில் மட்டும் தப்பினால் இமை மறைக்கிறது, திரையைச் சற்று உயர்த்துங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் தப்பினால் திரை பெரிது அல்லது அவர் நடுவில் இல்லை. காலையில் சரியாக இருந்து மாலையில் தப்பினால் அசதி. விட்டுவிட்டு வந்து போனால் யூஎஸ்பி: ஹப் வழியாகச் செருகாதீர்கள், கணினியிலேயே நேராகச் செருகுங்கள், மின்சாரம் போதாமல்தான் பெரும்பாலும் அறுந்து அறுந்து வரும்.

கண்ணாடி, கண் மை, கண்புரை இருந்தால்?

சாதாரணக் கண்ணாடி தடையில்லை, துடைத்திருந்தால் போதும். விரல் தடமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒளியைச் சிதறடிக்கும். இரட்டைக் குவியக் கண்ணாடியும் புரோகிரசிவும் தொல்லை, ஏனென்றால் நடுவில் உள்ள கோடோ மாற்றமோ கண்மணியை இடம்மாற்றிக் காட்டும். திரைத் தூரத்துக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

கண் மை வேண்டாம். கறுத்த மையைக் கருவி சில நேரம் கண்மணி என்று எடுத்துக்கொள்ளும். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வையுங்கள், இமையோரத்தில் தீட்டாதீர்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் கால் மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். முற்றிய கண்புரை இருந்தால் முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அகச்சிவப்பு ஒளியால் கண் கெட்டுப்போகாதா?

விற்பனைக்கு வரும் கருவிகள் ஒளிப் பாதுகாப்புக்கான ஐஇசி 62471 தரத்துக்குள் இருக்க வேண்டும். பெட்டியிலோ கையேட்டிலோ அதைப் பாருங்கள். வெளிச்சத்தால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர் மருத்துவரைக் கேட்க வேண்டும். கண் எரிச்சல் வருவது ஒளியால் அல்ல, இமைக்க மறப்பதால்.

தமிழில் எழுதவும் பேச வைக்கவும் முடியுமா?

முடியும், ஆனால் இரண்டும் தனித்தனி வேலை. எழுதுவதற்குத் தமிழ் 99 என்ற விசைப்பலகை அமைப்பு கண்ணுக்கு ஏற்றது. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், ஷிப்ட் அநேகமாகத் தேவையில்லை, புள்ளி பல இடங்களில் தானாக விழும். ‘அம்மா’வை ‘ammaa’ என்று ஆங்கில எழுத்தில் அடித்து மாற்றும் முறையில் அழுத்தங்கள் கூடும். கையால் அடிப்பவருக்கு அது பொருட்டல்ல. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு நொடி செலவழிப்பவருக்குப் பொருட்டு.

பேசுவதற்கு, விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரில் தமிழ்க் குரல் கிடைக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, பேச்சுத் தொகுப்பைப் பதிவிறக்க வேண்டும். பதிவிறக்கிய பிறகும் சில பழைய மென்பொருளின் குரல் பட்டியலில் அது தெரியாது. விண்டோஸ் குரல்களைப் பழைய முறை, புதிய முறை என இரண்டு இடங்களில் வைத்திருப்பதால் வரும் சிக்கல் இது, உங்கள் தவறல்ல. ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் தமிழ்க் குரல் உண்டு. எழுதத் தெரியாத குழந்தைகளுக்குப் படத்தைத் தொட்டுப் பேச வைக்கும் ஆவாஸ் செயலி, ஐஐடி மெட்ராஸ் சூழலில் வளர்ந்த சென்னை நிறுவனத்தின் தயாரிப்பு, தமிழிலும் இருக்கிறது.

பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. இப்போதே செய்யக்கூடியது ஏதாவது?

இன்றே குரலைப் பதிவு செய்யுங்கள். போனில் உள்ள ரெக்கார்டர் போதும். மின்விசிறியை அணைத்து, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, ஒரு வாக்கியத்துக்கு ஒரு கோப்பாகச் சேமியுங்கள். ‘தண்ணி வேணும்’ என்பதைக் கணினிக் குரலே சொல்லிவிடும். அவருக்கே உரிய பேச்சைப் பதியுங்கள்: பேத்தியைக் கூப்பிடும் செல்லப் பெயர், ‘சாப்டியாடா’, அலுத்துக்கொள்ளும் ‘ஐயோ ராமா’, அவர் சிரிப்பு. பின்னாளில் கணினித் திரையில் ஒரு பொத்தானுக்குள் இந்தக் கோப்பை வைக்கலாம். ஒரு நாளைக்கு இருபது வாக்கியம் போதும், களைத்த குரலில் பதிந்தால் களைத்த குரலே தங்கிவிடும்.

பழக எவ்வளவு நாள் ஆகும்?

முதல் வாரம் எழுத்தே வேண்டாம். பார்த்தால் பலூன் வெடிக்கிற மாதிரி விளையாட்டு, பாட்டை ஓட்டி நிறுத்துவது, இரண்டே பெரிய பொத்தான். காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம். இரண்டாம் வாரம் நான்கு பொத்தான், அப்புறம் எட்டு. விசைப்பலகை அதற்குப் பிறகு. நன்றாகப் பழகியவர் நிமிடத்துக்கு ஐந்து முதல் பத்துச் சொற்கள் எழுதுவார். நாம் பேசுவது நூற்றுக்கு மேல். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது திரையை எட்டிப் பார்த்து வாக்கியத்தை நீங்களே முடிக்காதீர்கள்.

ராத்திரி கூப்பிட இதையே நம்பலாமா?

கூடாது. தூக்கத்தில் தலை சரிந்தாலே கருவியின் பார்வையிலிருந்து கண் விலகிவிடும். ஏதாவது ஒரு தசை, கட்டைவிரலோ புருவமோ தாடையோ, அசைந்தால் அதற்கென்று ஒரு சுவிட்ச் வையுங்கள். கடையில் கிடைக்கும் வயர்லெஸ் காலிங் பெல்லின் பொத்தானைத் திறந்து, அதன் இரண்டு முனைகளிலிருந்து கம்பி எடுத்து 3.5 மி.மீ. மோனோ சாக்கெட்டில் பற்றவைத்தால், எந்த மாற்றுத்திறனாளி சுவிட்சையும் அதில் செருகலாம். சாமான் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். பெல்லை அடுத்த அறையில் வைத்து, கதவைச் சாத்திய பிறகும் கேட்கிறதா என்று பாருங்கள். பேட்டரியை மாதத்துக்கு ஒரு தடவை, குறித்த தேதியில் மாற்றுங்கள்.

கரண்ட் போனால் மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடும், தனித் திரை அணைந்துவிடும். தனித் திரை வைத்திருந்தால் அதை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

சென்னையில் எங்கே போய்ப் பார்ப்பது? அரசு உதவி உண்டா?

கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர், 1985-இல் தொடங்கியது. பேச்சுக்கு மாற்று வழிகளில் நீண்ட அனுபவம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, நிப்மெட் என்று சொன்னால் தெரியும். கடற்கரையை ஒட்டி, காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன் வளாகத்தில் உள்ள மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸில் பலவகை உதவிக் கருவிகளை நேரில் பார்க்கலாம். போகும் முன் போன் செய்து, கண் கருவியைக் காட்ட ஆள் இருக்கும் நாளைக் கேளுங்கள். அவரை அழைத்துப் போக முடியாவிட்டால், அவர் படுத்திருக்கும் விதத்தைப் பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். சிகிச்சையாளர்களுக்கு அதிலிருந்தே பாதி விஷயம் புரியும்.

உதவி கேட்க முதலில் தேவைப்படுவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யூடிஐடி). 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மூளை முடக்குவாதமும் தசைச் சிதைவும் நாள்பட்ட நரம்பியல் நோய்களும் அதில் உண்டு. விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம். கருவி கேட்கும் மனுவில் ‘கண் கருவி வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். கை, பேச்சு இரண்டும் ஏன் பயன்படவில்லை, எந்தக் கருவியைச் சோதித்தீர்கள், எத்தனை நிமிடம் பயன்படுத்தினார் என்று ஸ்பீச் தெரபிஸ்டோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ எழுதிய ஒரு பக்க அறிக்கையை இணையுங்கள்.

வாட்ஸ்அப், வங்கி எல்லாம் தானே பார்த்துக்கொள்ள முடியுமா?

வாட்ஸ்அப்பைக் கணினியில் திறந்து, எழுத்தளவைப் பெரிதாக்கினால் போதும். வங்கியில்தான் இடிக்கும். ஓடிபி காலாவதியாகும் நேரத்துக்குள் ஆறு எண்களையும் கண்ணால் அழுத்த வேண்டும். எண் விசைகளை மட்டும் திரை முழுக்கப் பெரிதாகக் காட்டும் ஒரு பக்கத்தை முன்பே செய்துவைத்தால் ஓடிபி நேரத்துக்குள் முடியும். கடவுச்சொல்லைப் பிரவுசரிலேயே சேமிக்கலாம், ஆனால் அந்தக் கணினியை வீட்டில் வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. அவர் பின் நம்பரைக் கண்ணால் அழுத்தும்போது குறி ஒவ்வோர் எண்ணாகத் திரையில் நகர்வது பின்னால் நிற்பவருக்கும் தெரியும். அந்த ஒரு நிமிடம் அட்டெண்டரை வெளியே போகச் சொல்ல, திரையில் ‘கொஞ்சம் வெளியே இருங்க’ என்று ஒரு பொத்தான் வைத்துக் கொடுங்கள்.